மெல்ல ஊரும் ஆர்சி லாரிக்கு ஏற்ற மோட்டார் எது?

ரேடியோ கட்டுப்பாட்டில் (ஆர்சி) ஓடும் 1/14 அளவிலான டிராக்டர் லாரி ஒன்றை மூன்று கியர் பெட்டியுடன் ஓட்டுகிறீர்கள். வண்டியோடு வந்த 27 டர்ன் (சுருளின் சுற்று எண்ணிக்கை), 540 கூட்டளவு மோட்டார்தான் இன்னும் அதில் இருக்கிறது. டிரெய்லரைப் பின்னால் தள்ளி ஓரிடத்தில் ஒதுக்க முயலும்போது வண்டி சீராக ஊராமல் வெட்டி வெட்டிப் பாய்கிறது. ஒருவர் 80 டர்ன் மோட்டார் போடச் சொல்கிறார். இன்னொருவர் சென்சார் உள்ள பிரஷ்லெஸ் (மின்சாரம் கடத்த உரசும் பிரஷ் இல்லாத) மோட்டார்தான் ஒரே வழி என்கிறார். இந்த இரண்டில் எதை வாங்குவது என்பது உங்கள் கேள்வி.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போதுள்ள பிரஷ் வகை இஎஸ்சியையும் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்கருவி) ஒலி, ஒளிக் கருவியையும் அப்படியே வைத்துக்கொள்வதாக இருந்தால், 45 முதல் 55 டர்ன் வரையிலான 540 மோட்டாரோ அதே வேகமுள்ள ஐந்து துருவ ஆர்மேச்சர் (சுருள் சுற்றிய சுழலும் உள்ளகம்) கொண்ட மோட்டாரோ போதும். 80 டர்ன் உங்கள் வண்டிக்கு அதிகம். தனி இஎஸ்சி வைக்க இடமும் மனமும் இருந்தால், 1200 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுழற்சி என்ற அளவு) அளவில் சென்சார் உள்ள பிரஷ்லெஸ் மோட்டார் இதைவிடச் சீராக ஓடும். ஆனால் குலுங்கல் மோட்டாரிலிருந்து வருகிறதா என்பதை உறுதி செய்யாமல் இரண்டில் எதையும் வாங்காதீர்கள். மோட்டாரின் மேல் சுமத்தப்படும் பழியில் கணிசமான பங்கு உண்மையில், கியர் பெட்டியின் சுழற்சியைச் சக்கர அச்சுக்குக் கடத்தும் கார்டன் தண்டுக்கும் இஎஸ்சிக்கும் சேர வேண்டியது.

கணக்கைச் சக்கரத்திலிருந்து தொடங்குவதுதான் முறை. இவ்வகை லாரிகளின் டயர் ஏறத்தாழ 83 மி.மீ. விட்டம் கொண்டது; அதாவது ஒரு சுழற்சிக்கு வண்டி 26 செ.மீ. நகரும். டாமியா நிறுவனத்தின் மூன்று கியர் லாரிகளில் மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் இடையிலான விகிதம் முதல் கியரில் ஏறக்குறைய 32, இரண்டாவதில் 18, மூன்றாவதில் 11. நிஜ லாரி ஒன்று நெடுஞ்சாலையில் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போவதை 1/14 அளவில் காட்ட வேண்டுமானால், உங்கள் வண்டி மணிக்கு 5.7 கி.மீ. போனால் போதும். அதற்குச் சக்கரம் நிமிடத்துக்கு 365 முறை சுழல வேண்டும். மூன்றாவது கியரில் மோட்டார் 3,900 சுழற்சி தந்தாலே அந்த வேகம் வந்துவிடும். உங்களிடமுள்ள 27 டர்ன் மோட்டாரோ 7.2 வோல்ட்டில் சுமையின்றி 15,000 சுழற்சியைத் தொடக்கூடியது. மூன்றாவது கியரில் அதை முழுதாக விட்டால் வண்டி மணிக்கு 22 கி.மீ. வரை பாயும்; நிஜ லாரியின் அளவுக்கு விரித்துப் பார்த்தால் அது 300 கி.மீ.யைத் தாண்டும்.

இப்போது மறுமுனைக்கு வாருங்கள். நிஜ ஓட்டுநர் டிரெய்லரைப் பின்னால் தள்ளும்போது நடை வேகத்தில்தான், அதாவது மணிக்கு 5 கி.மீ. அளவில்தான், தள்ளுவார். உங்கள் வண்டியில் அது வினாடிக்கு 10 செ.மீ. முதல் கியரில் மோட்டார் நிமிடத்துக்கு சுமார் 740 முறையும் மூன்றாவது கியரில் வெறும் 240 முறையும் சுழல வேண்டிய வேகம் அது. 15,000 சுழற்சிக்குச் சுற்றப்பட்ட மோட்டாருக்கு 240 என்பது அதன் வேகத்தில் இரண்டு சதவீதம்கூட இல்லை. டிரெய்லர் ஒதுக்குவதை மூன்றாவது கியரில் செய்து பார்த்துவிட்டு மோட்டாரைக் குறை சொல்பவர்கள் உண்டு என்பதால்தான் இதை முதலில் சொல்கிறேன்: பின்னோக்கித் தள்ளும்போது முதல் கியரில் இருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டர்ன் எண்ணிக்கை கூடினால் இழுவை கூடும் என்று பரவலாகச் சொல்லப்படுவதைத் திருத்திப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரே அளவுள்ள மோட்டார் கூட்டில் கம்பியை மெலிதாக்கி அதிகச் சுற்றுகள் சுற்றினால், ஒரு ஆம்பியருக்குக் கிடைக்கும் முறுக்குவிசை கூடும் என்பது உண்மை. ஆனால் சுருளின் மின்தடை சுற்றுகளின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், அதே பேட்டரியில் மோட்டார் இழுக்கக்கூடிய உச்ச மின்னோட்டம் அதைவிட வேகமாகக் குறைகிறது. கூட்டிக் கழித்தால், அதே 7.2 வோல்ட்டில் 55 டர்ன் மோட்டாரின் உச்ச முறுக்குவிசை 27 டர்ன் மோட்டாருடையதில் ஏறத்தாழப் பாதிதான். ஒரே முறுக்குவிசையைத் தரும்போது இரண்டு சுருள்களிலும் உண்டாகும் சூடும் ஒன்றே.

அப்படியானால் 55 டர்ன் போட்டதும் வண்டி சாதுவாகிவிடுவது ஏன்? த்ராட்டில் விரிவதுதான் காரணம். மேலே சொன்ன 740 சுழற்சியைத் தக்கவைக்க, உராய்வையும் சுமையையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 27 டர்ன் மோட்டாருக்கு 0.36 வோல்ட் போதும். 55 டர்ன் மோட்டாருக்கு 0.72 வோல்ட் வேண்டும். இஎஸ்சி பேட்டரியின் மின்னழுத்தத்தை நுண்ணிய துண்டுகளாக வெட்டித் தருகிறது. அதன் மிகச் சிறிய துண்டு 27 டர்ன் மோட்டாரை எவ்வளவு முடுக்குமோ, அதில் பாதி அளவுதான் 55 டர்ன் மோட்டாரை முடுக்கும். விரலில் அதே அசைவு, வண்டியில் பாதி மாற்றம். கூடவே மோட்டாருக்குப் போகும் மின்னோட்டமும் பாதியாவதால் இஎஸ்சி குளிர்ச்சியாக இருக்கும். பிரஷ்ஷில் வீணாகும் சிறு மின்னழுத்தமும் அவ்வளவாக உறுத்தாது.

80 டர்ன் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோகும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் வேகம் சுமையின்றியே 5,000 சுழற்சியைச் சுற்றித்தான் நிற்கும். மூன்றாவது கியரில் வெறும் வண்டியாக நெடுஞ்சாலை வேகத்தை எட்டும். சரக்கேற்றிய டிரெய்லரைக் கட்டிவிட்டால் சாய்தளத்தில் திணறும். திணறும் மோட்டாரை நீங்கள் முழு த்ராட்டிலில் மிதித்துக்கொண்டே இருப்பீர்கள், அது சூடேறும். ஒரே கியர் விகிதம் கொண்ட, வேகமே தேவைப்படாத, துறைமுகத்துக்குள் சரக்குப் பெட்டி இழுக்கும் வகை வண்டிக்கு 80 டர்ன் நல்ல தேர்வு. மூன்று கியர்களையும் பயன்படுத்த விரும்புபவருக்கு அது நிறைவு தராது.

இத்தனைக்குப் பிறகும் டர்ன் எண்ணிக்கையால் தீராத குறை ஒன்று இருக்கிறது. மோட்டாரைக் கழற்றி, கம்பிகள் எதிலும் இணையாத நிலையில், தண்டை விரல்களால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு சுற்றுக்குள் ஆறு இடங்களில் அது தட்டுப்பட்டுத் தட்டுப்பட்டு நகர்வதை உணரலாம். ஆர்மேச்சரின் மூன்று இரும்புத் துருவங்களும் கூட்டின் இரண்டு காந்தங்களும் ஒன்றையொன்று பற்றிப் பற்றி விடுவதால் உண்டாகும் தட்டு அது. மின்சாரம் பாயும்போது, சுருள்களுக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும், மூன்று பிரிவுகள் கொண்ட கம்யூட்டேட்டரில் பிரஷ்கள் மாறி மாறித் தொடுவதால் முறுக்குவிசையும் சுற்றுக்கு ஆறு முறை ஏறி இறங்குகிறது. வேகமாகச் சுழலும்போது ஆர்மேச்சரின் எடை இந்த ஏற்ற இறக்கத்தை விழுங்கிவிடும். 240 சுழற்சியில் விழுங்காது. முதல் கியரில் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு 195 துடிப்புகள் வருகின்றன. அதாவது வண்டி 1.3 மி.மீ. நகரும்போதெல்லாம் ஒன்று. மூன்றாவது கியரில் அதுவே 4 மி.மீ.க்கு ஒன்று. முன்னது கண்ணுக்குத் தெரியாது. பின்னது நன்றாகவே தெரியும். டர்ன் எத்தனை ஆனாலும் இந்த இடைவெளி மாறாது, ஏனெனில் அதை முடிவு செய்வது கம்பி அல்ல. துருவங்களின் எண்ணிக்கையும் கியர் விகிதமும்தான்.

ஐந்து துருவ ஆர்மேச்சரின் சிறப்பு இங்கேதான் தெரிகிறது. அதில் சுற்றுக்குப் பத்துத் துடிப்புகள் வரும். ஒவ்வொன்றும் முன்பைவிட ஆழம் குறைந்தது. முதல் கியரில் 0.8 மி.மீ.க்கு ஒன்று என்னும்போது குலுங்கல் இருப்பதே தெரியாது. மெதுவான ஓட்டத்துக்காகப் பிரஷ் மோட்டார் வாங்குபவர் இரண்டு பெட்டிகளை எதிரெதிரே வைத்துத் தயங்கினால், அதிக டர்ன் கொண்ட மூன்று துருவ மோட்டாரைவிட நடுத்தர வேகமுள்ள ஐந்து துருவ மோட்டாரையே நான் எடுக்கச் சொல்வேன். ஒரு எச்சரிக்கை மட்டும்: ஐந்து துருவ மோட்டாரின் டர்ன் எண்ணை மூன்று துருவ மோட்டாரின் எண்ணோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது. ஒரே எண் இரண்டிலும் வெவ்வேறு வேகத்தைக் குறிக்கும். பெட்டியில் டர்ன் எண்ணைப் பார்ப்பதை விட்டு, 7.2 அல்லது 7.4 வோல்ட்டில் எத்தனை சுழற்சி என்று பாருங்கள்; 7,000க்கும் 9,000க்கும் இடையில் இருந்தால் உங்கள் வண்டிக்குப் பொருந்தும்.

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. டிரெய்லரைக் கழற்றிவிட்டு, வழவழப்பான தரையில் ஓர் அளவுகோலை நீட்டி வைத்து, அதன் ஓரமாக வண்டியை முதல் கியரில் முடிந்தவரை மெதுவாக ஓட்டுங்கள். துள்ளல்கள் எவ்வளவு தூரத்துக்கு ஒருமுறை வருகின்றன என்று கவனியுங்கள். ஓரிரு மில்லிமீட்டருக்கு ஒருமுறை நடுங்கினால் அது மோட்டாரின் துடிப்பு. சில சென்டிமீட்டருக்கு ஒருமுறை, தாளம் தவறாமல் வேகம் கூடிக் குறைந்தால் கார்டன் தண்டைப் பாருங்கள்: அதன் இரு முனைகளிலும் உள்ள கவட்டைகள் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். தொண்ணூறு பாகை திரும்பிப் பூட்டப்பட்டிருந்தால், சாய்ந்து ஓடும் தண்டு ஒரு சுற்றுக்கு இரண்டு முறை சக்கரத்தை முந்தவும் பிந்தவும் செய்யும். ஒரு திருகைத் தளர்த்தி, தண்டைத் திருப்பிப் பூட்டினால் தீர்ந்துவிடும் குறை இது. இதற்காகப் புது மோட்டார் வாங்கினால் குறை அப்படியேதான் இருக்கும். சக்கரத்தின் சுற்றளவான 26 செ.மீ.க்கு ஒருமுறை வந்தால் டயரோ அச்சோ கோணல். எந்த ஒழுங்கும் இல்லாமல், நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது மட்டும் பாய்ந்தால், பெரும்பாலும் இஎஸ்சியின் தொடக்க அமைப்பும் பல்சக்கரங்களுக்கிடையே உள்ள தளர்வும் சேர்ந்து செய்யும் வேலை அது. முன்னோக்கிப் போனவுடன் பின்னோக்கித் தள்ளும்போது, அந்தத் தளர்வு முழுதும் மறுபக்கம் போய்ச் சேரும்வரை மோட்டார் சுமையின்றிச் சுழன்று, பிறகு சட்டென்று பல்லில் மோதும். டிரெய்லர் ஒதுக்கும்போது நீங்கள் காணும் பாய்ச்சல் இதுவாகவும் இருக்கலாம்.

இனி பிரஷ்லெஸ். சென்சார் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டாரை இந்தப் பணிக்கு நான் பரிந்துரைப்பதில்லை. அதன் இஎஸ்சி, சுழலி (மோட்டாரின் சுழலும் பகுதி) எங்கே நிற்கிறது என்பதை, மின்சாரம் பாயாத சுருளில் தோன்றும் எதிர் மின்னியக்கு விசையைக் கொண்டே அறிகிறது. சுழலி சுழன்றால்தான் அந்த விசை தோன்றும். நின்றிருக்கும்போது இல்லை, மெதுவாகச் சுழலும்போது அளக்க முடியாத அளவுக்குக் குறைவு. ஆகவே கிளம்பும்போது இஎஸ்சி குத்துமதிப்பாகத் தள்ளிப் பார்க்கிறது. சுமை இருந்தால் சுழலி முன்னும் பின்னும் உதறுகிறது. பந்தயக் காருக்கு அந்த அரை வினாடி பொருட்டல்ல. நமக்கோ அந்த அரை வினாடிதான் விளையாட்டே.

சென்சார் உள்ள மோட்டாரில் மூன்று ஹால் சென்சார்கள் சுழலியின் நிலையை நின்ற இடத்திலேயே சொல்லிவிடுகின்றன. ஆனால் அவை தருவது இரண்டு துருவச் சுழலியில் சுற்றுக்கு ஆறு நிலைகளை மட்டுமே. நான்கு துருவச் சுழலியில் பன்னிரண்டு. அந்த நிலைகளை மட்டும் நம்பி, ஆறு படிகளாகச் சுருள்களை மாற்றும் சாதாரண இஎஸ்சியோடு இணைத்தால், உதறல் இருக்காது; ஆயினும் துடிப்பு, நல்ல பிரஷ் மோட்டாரோடு ஒப்பிடத்தக்க அளவில் இருந்துகொண்டே இருக்கும். சென்சார் பிரஷ்லெஸ் வாங்கியும் திருப்தி இல்லை என்பவர்கள் பலர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். எஃப்ஓசி எனப்படும் கட்டுப்பாட்டு முறை கொண்ட இஎஸ்சி, மூன்று சுருள்களிலும் மின்னோட்டத்தைப் படிகளாக மாற்றாமல் அலையாக ஏற்றி இறக்குவதால், முறுக்குவிசை ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கிறது. ஹாபிவிங் நிறுவனத்தின் ஆக்ஸ் வரிசையும், மோட்டாரையும் இஎஸ்சியையும் ஒரே கூட்டில் அடைத்த ஃபியூஷன் வரிசையும் இந்த வகை. பாறை ஏறும் கிராலர் வண்டிகளுக்காக வந்தவை என்றாலும், 540 கூட்டின் அளவே உள்ளவை லாரியின் கியர் பெட்டியிலும் பொருந்தும். நீளத்தை மட்டும் அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும். 1200 கேவி மோட்டார் 7.4 வோல்ட்டில் 8,900 சுழற்சியை நெருங்கும். 1800 கேவியும் ஓடும், ஆனால் உங்கள் தேவைக்கு மேலானது.

இந்த வழியில் இரண்டு தடைகள் இருக்கின்றன. டாமியாவின் எம்எஃப்சி போன்ற ஒலி, ஒளிக் கருவிகள் தமக்குள்ளேயே இருக்கும் இஎஸ்சியால் பிரஷ் மோட்டாரை இயக்குபவை. பிரஷ்லெஸ்ஸுக்கு மாறினால் த்ராட்டில் சமிக்ஞையைப் பிரித்துத் தனி இஎஸ்சிக்குக் கொடுக்க வேண்டும், அப்போது எஞ்சின் ஒலியும் வண்டியின் வேகமும் ஒன்றுக்கொன்று சற்று முன்பின்னாகலாம். மற்றொன்று, எஃப்ஓசி இஎஸ்சிகளில் சில நீங்கள் கேட்ட வேகத்தை மேட்டிலும் இறக்கத்திலும் மாறாமல் பிடித்துவைக்கும். பாறை ஏறும் வண்டிக்கு அது வரம். நாற்பது டன் சரக்கோடு போவதாகக் காட்ட வேண்டிய லாரி, மேட்டில் கொஞ்சமும் தளராமல் ஏறினால் எனக்கு அது பொம்மையாகத்தான் தெரிகிறது. இது ரசனை சார்ந்த விஷயம், உங்களுக்கு அப்படித் தோன்றாமலும் இருக்கலாம்.

பிரஷ் மோட்டாரோடு தங்கிவிடுவதாக முடிவு செய்தால், மிச்சப்படும் கவனத்தை இஎஸ்சியின் அமைப்புகளில் செலவிடுங்கள். மின்சாரத்தை வெட்டித் தரும் அதிர்வெண் முக்கியமானது. ஒரு கிலோஹெர்ட்ஸ் அளவில் வெட்டினால் மோட்டார் ஒவ்வொரு துண்டையும் தனித்தனி உதையாக வாங்குகிறது. கிளம்பும் வேகம் நன்றாக இருக்கும், ஆனால் கீச்சென்ற ஒலியும் முரட்டுத்தனமும் சேர்ந்து வரும். எட்டு கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போகும்போது சுருளின் மின்னோட்டம் ஒரே ஓட்டமாகிவிடும். பதினாறுக்கு மேல் ஒலியும் பெரும்பாலோர் காதுக்கு எட்டாது, எஞ்சின் ஒலிக்கருவியின் சத்தத்தோடு அது போட்டியிடாது. அதற்கு விலையாக இஎஸ்சி சற்று அதிகம் சூடாகும். தொடக்க விசை என்ற அமைப்பு இருந்தால் மிகக் குறைவான நிலையில் வையுங்கள். பிறகு டிரான்ஸ்மிட்டரை முழு வீச்சில் வைத்து இஎஸ்சிக்கு அளவு காட்டுங்கள். எக்ஸ்போ என்ற டிரான்ஸ்மிட்டர் அமைப்பை அதன் பின்பே சேர்க்க வேண்டும். எக்ஸ்போ நடுப்பகுதியில் விரலின் அசைவை மென்மையாக்குமே தவிர, இஎஸ்சியின் துண்டுகளைச் சிறிதாக்காது.

பிரஷ் மோட்டாரில் இன்னொன்றையும் பார்த்து வாங்குங்கள். பந்தயத்துக்கென விற்கப்படும் மோட்டார்கள் சிலவற்றில் ஒரு திசைக்குச் சாதகமாக டைமிங் (பிரஷ் சுருள்களை மாற்றும் கணம்) முன்தள்ளப்பட்டிருக்கும். அவை முன்னோக்கி நன்றாகவும் பின்னோக்கி முரடாகவும் ஓடும், பிரஷ்ஷில் பொறியும் அதிகம் பறக்கும். பாதி நேரம் பின்னோக்கியே ஓடும் லாரிக்கு இரு திசைக்கும் ஒரே டைமிங் உள்ள மோட்டார்தான் வேண்டும். பின்மூடியைத் திருப்பக்கூடிய வகையானால் சுழி நிலையில் பூட்டிவிடுங்கள். புது மோட்டாரை நேரே கியர் பெட்டியில் மாட்டாமல், 3 வோல்ட் அளவில் சுமையின்றிச் சில நிமிடங்கள் ஓட விட்டால், தட்டையான பிரஷ் கம்யூட்டேட்டரின் வளைவுக்கு ஏற்பப் படிந்துகொள்ளும்; மெதுவான ஓட்டத்தில் இந்தப் படிவு தரும் வேறுபாடு நன்றாகவே தெரியும். தண்ணீருக்குள் ஓடவிட்டுப் படிய வைக்கும் பழக்கமும் உண்டு. வேலை விரைவாக முடியும், பிரஷ்ஷின் ஆயுளும் அதே விரைவில் குறையும், தண்டின் புஷ்ஷிலுள்ள எண்ணெயும் போய்விடும்.

சூட்டைப் பொறுத்தவரை, மெதுவாக ஓடுவதால் மோட்டார் குளிர்ந்திருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். அசையாமல் முடங்கி நிற்கும் மோட்டாரில் பாயும் மின்சாரம் முழுதும் சூடாகத்தான் மாறுகிறது, அதைக் கலைக்கும் காற்றோட்டமும் அப்போது இல்லை. சக்கரம் எதிலாவது சிக்கி வண்டி நகரவில்லையென்றால் த்ராட்டிலை உடனே விட்டுவிடுங்கள். கால் மணி நேரம் டிரெய்லரோடு ஓட்டிய பின் மோட்டார் கூட்டின் மேல் விரலை வைத்துப் பாருங்கள். இரண்டு, மூன்று வினாடிகூட வைக்க முடியாத சூடென்றால், மோட்டாரின் டர்ன் எண்ணை மாற்றுவதால் பயன் குறைவு. விகிதத்தை இன்னும் தாழ்த்த வேண்டும், அதாவது மோட்டாருக்கும் கியர் பெட்டிக்கும் இடையே ஒரு கோள்கியர்க் குறைப்பான் சேர்க்க வேண்டும், அல்லது கூடு நீண்ட 550 அளவு மோட்டாருக்குப் போக வேண்டும். மூன்று கியர் பெட்டியில் பினியனை (மோட்டார் தண்டிலுள்ள சிறு பல்சக்கரம்) மாற்றி விளையாட அதிக இடமில்லை.

இதே கேள்வியை 1/24 அளவு லாரிக்குக் கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். அங்கே 540 கூட்டுக்கு இடமே இல்லை. சிறு மோட்டார்களில் இரும்பு உள்ளகம் இல்லாத கோர்லெஸ் வகைதான் மிகச் சீரானது, காந்தத்தோடு பற்றிக்கொள்ள இரும்பே இல்லாததால் தட்டு என்பதே அதில் கிடையாது. ஆனால் அதன் சுருள் மிக இலேசானது, சூட்டை உள்வாங்கித் தாங்கும் எடையற்றது. தாழ்ந்த அதிர்வெண்ணில் வெட்டும் இஎஸ்சியோடு இணைத்தாலோ, முடங்கிய நிலையில் சில வினாடி மிதித்தாலோ கருகிவிடும்.